கூடாரத்தார்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கியம் வல்ல சான்றோர் பலர் இவ்வவையில் இருக்க, பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு இரயில்வே எழுத்தராய்க் காலம் கழிக்கும் நம்மைப் பேச அழைத்தது செயலாளர் அவர்களின் பெருந்தன்மை. விரும்பிய பொருள் பற்றிப் பேசலாம் என்றார். குறளும் சிலம்பும் கற்றோர் முன் அவற்றைப் பேசும் துணிவு நமக்கு இல்லை. ஆதலால் சர்க்கஸைப் பற்றிப் பேச வந்துள்ளோம். நகைக்க வேண்டா. நம் இரயில் நிலையத்திற்குக் கூப்பிடு தொலைவில் உள்ள புத்தரிக்கண்டம் திடலில் கூடாரம் எழுந்த நாள்களில், பிள்ளைகள் கையைப் பிடித்து இழுக்க, "பிள்ளைக்காக வந்தேன்" என்று சொல்லிக்கொண்டு முன் வரிசையில் அமர்ந்தவர் பலர் இந்த அவையிலேயே இருக்கிறீர்கள்.

சர்க்கஸ் என்றதும் சிங்கமும் யானையும் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் அதனைப் பெற்ற தாய் குதிரையே. 1768-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் பிலிப் ஆஸ்ட்லி என்னும் முன்னாள் குதிரைப்படை வீரர், தம் குதிரையை நேர்கோட்டில் ஓட்டாது வட்டமாக ஓட்டி, அதன் முதுகின்மேல் நின்று வித்தை காட்டினார். வட்டத்தில் ஓடும் குதிரையின்மேல் நிற்பவன் சற்றே உட்புறம் சாய்ந்தால் விழாமல் நிற்க இயலும். வாளியில் நீர் நிரப்பிச் சுழற்றினால் நீர் சிந்தாதிருப்பதும் இவ்வியற்கையாலேயே. சிறிய வட்டமாயின் குதிரை ஓட இயலாது. பெரிய வட்டமாயின் சாய்வு போதாது. பயின்று பயின்று அவர் கண்ட அளவு 42 அடிக் குறுக்களவு. உலகெங்கும் சர்க்கஸ் வட்டத்துக்கு இன்றும் அதுவே அளவாக இருந்து வருகின்றது.

வித்தை நமக்குப் புதிதன்று. கயிற்றின்மேல் ஆடுவோர்க்குக் கொட்டும் பறையொலியைக் குறுந்தொகைப் புலவர் ஒருவர், காற்றில் ஒலிக்கும் வாகை நெற்றுக்கு உவமையாக்கியுள்ளார். கழைக்கூத்தரை நம் ஊர்த் தெருக்களில் காணாத தமிழர் யார்? அவர்கள் வித்தை தெருவிலேயே நின்றுவிட்டது. அதற்குக் கூடாரமும் நுழைவுச் சீட்டும் வந்த வரலாறு வேறு.

1879-இல் கியாரினி என்னும் இத்தாலியர் தம் சர்க்கஸோடு பம்பாய்க்கு வந்தார். இந்தியர்க்கு இது கைவராது என்னும் பொருள்பட அவர் பேசினார் என்றும், அது கேட்ட விஷ்ணுபந்த் சத்ரே என்பவர் அறைகூவலை ஏற்றார் என்றும் சொல்லுவர். சத்ரே குருந்த்வாட் அரசரின் குதிரை இலாயத்தை மேற்பார்த்தவர். பேச்சு எவ்வாறாயினும், 1880 மார்ச் 20-இல் அவருடைய கிரேட் இந்தியன் சர்க்கஸ் முதற் காட்சியை நடத்தியது உண்மை. அப்பால் அவர் ஊர் ஊராய்ச் சென்று வருங்கால் தலச்சேரிக்கு வந்தார். அங்கே கீலேரி குஞ்ஞிக்கண்ணன் என்னும் உடற்பயிற்சி ஆசிரியரைக் கண்டார். களரியும் ஜிம்னாஸ்டிக்கும் அறிந்த அவ்வாசிரியர் ஆட்களைப் பழக்கித் தருவது, சத்ரே அவர்கட்கு வேலை தருவது என்று இருவரும் உடன்பட்டனர். 1901-இல் தலச்சேரியை அடுத்த சிறக்கரையில் குஞ்ஞிக்கண்ணன் சர்க்கஸுக்கென்றே ஒரு பள்ளி தொடங்கினார். மூன்றாண்டில் அவர் மாணவர் பரியாளி கண்ணன் கிராண்ட் மலபார் சர்க்கஸை நிறுவினார். அதன்பின் இந்திய நாட்டில் எக்கூடாரத்தின் கீழ் நோக்கினும் தலச்சேரியார் இல்லாத கூடாரம் அரிது என்னும் நிலை வந்தது. கேக்கு, கிரிக்கெட், சர்க்கஸ் என்னும் மூன்றையும் தம் ஊருக்கே உரியனவாகத் தலச்சேரியார் பேசுவதை இரயிலில் பலமுறை கேட்டிருக்கிறோம். நம்மவர் அல்வாவைப் பற்றிப் பேசுவது போலத்தான்!

குஞ்ஞிக்கண்ணனிடம் இளமையிற் பயின்றவருள் மூர்க்கோத்து வேங்ககண்டி சங்கரன் ஒருவர். இரண்டாம் உலகப் போரில் படையிற் பணியாற்றித் திரும்பியவர். 1951-இல் நண்பர் ஒருவரோடு சேர்ந்து விஜயா சர்க்கஸ் என்னும் சிறு நிறுவனத்தை 6,000 ரூபாய்க்கு வாங்கினார். அவ்வாண்டு ஆகஸ்டு 15-இல் குஜராத்திப் பகுதியிலுள்ள பிலிமோரா என்னும் ஊரில் ஜெமினி சர்க்கஸ் என்னும் புதுப்பெயரோடு முதற்காட்சி. சந்திரலேகா எடுத்த ஜெமினி ஸ்டூடியோவுக்கும் இதற்கும் உறவு உண்டென நம்மவருட் பலர் எண்ணுவர். உறவில்லை, மிதுன ராசியிற் பிறந்தவராதலின் சங்கரன் அப்பெயரை வைத்தார். 'ஜெமினி சங்கரன்' 2023 ஏப்ரலில், 98-ஆம் வயதில், கண்ணூரில் காலமானார்.

இனி, நம் தொழிலை ஒட்டி ஒரு சொல். இரயில் இல்லையேல் பெருஞ்சர்க்கஸ் இல்லை. அமெரிக்காவில் பார்னம் நிறுவனம் 1872 முதல் இரயிலேறியே ஊர் ஊராகச் சென்றது. நம் நாட்டிலும் யானை, குதிரை, கம்பம், கூடாரத் துணி, சமையற் பாத்திரம் அனைத்தும் இரயிலேறியே பயணம் செய்த காலம் நெடிது. தலச்சேரி அகலப் பாதையில் உள்ளது. தம்பானூரோ 1976-இல் அகலப் பாதை வரும்வரை மீட்டர் பாதையில் இருந்தது. வடக்கேயிருந்து இங்கு வரும் சரக்கு எதுவாயினும் எர்ணாகுளத்தில் ஒரு வண்டியிலிருந்து இறக்கி மறு வண்டியில் ஏற்றியாக வேண்டும். அரிசி மூட்டையை மாற்றி ஏற்றுவதே எத்துணைப் பாடு என்பதை மூத்த ஊழியர் வாயிலாகக் கேட்டுள்ளோம். யானையை மாற்றி ஏற்றிய எழுத்தர் எந்தப் படிவத்தில் என்ன எழுதினாரோ!

விலங்குகளைப் பற்றிச் சொல்லாமல் போதல் நேர்மையன்று. எட்டு வயதில் நம்மைத் தந்தையார் மதுரைத் தமுக்கம் திடலுக்கு அழைத்துச் சென்றார். நிறுவனத்தின் பெயர் வேண்டா. காட்சி முடிந்து பின்புறமாக வந்தபோது சிங்கத்தின் கூண்டைக் கண்டோம். நாலடி நடந்து திரும்பி, மறுபடியும் நாலடி நடந்து திரும்பிக்கொண்டிருந்தது. அன்று அது நமக்கு வீரமாகத் தோன்றிற்று. அண்மையில் அக்கதையை மகளிடம் பெருமையாகச் சொன்னபோது, "அது வெளியே போக வழி தேடியிருக்கும் அப்பா" என்றாள். மறுமொழி நமக்குக் கிட்டவில்லை.

கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைப் பழக்கிக் காட்சிக்கு விடுதலை மைய அரசு 1998-இல் தடை செய்தது. கேரள உயர்நீதிமன்றம் 2000-இலும், உச்சநீதிமன்றம் 2001-இலும் அத்தடையை நிலைநிறுத்தின. 2011-இல் சிறுவர் சிறுமியரைச் சர்க்கஸில் ஈடுபடுத்துதலையும் உச்சநீதிமன்றம் தடுத்தது. இரு தடைகளும் வேண்டியவையே என்பது நம் கருத்து. ஆயினும் சிங்கத்துக்கு வேறிடம் தேடிய நாடு, சிங்கத்தை ஆட்டுவித்தவனுக்கு வேறிடம் தேடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். முதிய கலைஞர்க்குக் கேரள அரசு தரும் சிறு ஓய்வூதியம் உண்டு. 2010-இல் தலச்சேரியில் அரசே ஒரு சர்க்கஸ் பயிற்சிக் கழகம் தொடங்கிற்று; சில ஆண்டுகளில் மூடிற்று. தலச்சேரி மக்கள் பிள்ளைகளைக் கல்லூரிக்கும் வளைகுடாவுக்கும் அனுப்புகின்றனர். யார் குறை கூற இயலும்? கூடாரத்தில் இன்று அசாம், மணிப்பூர், நேபாளத்தாரையும், ஆப்பிரிக்க நாட்டாரையும் மிகுதியாகக் காண்கிறோம். 2020-இல் நோய்த்தொற்றால் நாடு அடைபட்டபோது, நின்ற ஊரிலேயே நின்று, அயலார் தந்த அரிசியில் வாழ்ந்த கூடாரங்கள் பல.

சிங்கம் இல்லை; கைப்பேசியில் உலக வித்தைகள் அனைத்தும் உண்டு. இருந்தும் மக்கள் வருகின்றனர். ஏன்? ஊஞ்சல் தாவலை உற்றுப் பாருங்கள். 1859-இல் பாரிஸில் லியோட்டார்டு என்னும் இளைஞர் முதன்முதல் காட்டிய வித்தை அது. தாவுகிறவர் பிடிக்க முயல்வதில்லை. எதிர் ஊஞ்சலில் தலைகீழாகத் தொங்குபவரே அவர் மணிக்கட்டைப் பற்றுகிறார். தாவுகிறவர் செய்ய வேண்டியது, உரிய நொடியில் கையை விடுதல் ஒன்றே. கரவொலி அவருக்கு, பிடித்தவர் பெயரை யாரும் கேட்பதில்லை. இருபதடி தொலைவில் ஒருவர் விழக்கூடும் என்று அறிந்து ஆயிரம் பேர் ஒருங்கே மூச்சடக்கும் அந்நொடியைக் கைப்பேசி தருவதில்லை.

சில ஆண்டுகட்கு முன் புத்தரிக்கண்டத்தில் கூடாரம் இருந்தபோது, முதியவர் ஒருவர் நம் முன்பதிவுச் சாளரத்துக்கு வந்தார். தலச்சேரிக்காரர். மதுரைத் தமிழ் பேசினார். திருச்சி, சேலம், கோவை என்று முகாம் முகாமாய்க் கற்ற தமிழாம். இளமையில் பிடிப்பவராக இருந்தவர். இப்போது கூடாரத்தின் கயிறுகளைச் சரிபார்ப்பவர். படிவத்தில் பெயர், வயது, வண்டி எண் அனைத்தும் திருத்தமாக எழுதியிருந்தார். முகவரிக் கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது.

"ஐயா, முகவரி எழுதவில்லையே?" என்றோம்.

"எந்த ஊர் முகவரி எழுத, சாரே? அடுத்த மாதம் எந்த ஊர் என்று முதலாளி இன்னும் சொல்லவில்லை" என்றார்.

பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. பேனாவை எடுத்து, 'சர்க்கஸ் கூடாரம், புத்தரிக்கண்டம்' என்று நாமே எழுதிச் சீட்டைக் கொடுத்தோம். வாங்கும்போது அவர் மணிக்கட்டைப் பார்த்தோம். அது நம் மணிக்கட்டைப்போல் இருமடங்கு இருந்தது.