சினிமா பிறந்த ஆண்டு எது?

1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில், கிராண்ட் கஃபேயின் கீழ்த்தள அறையில், ஆளுக்கு ஒரு பிராங்க் கட்டணம் வாங்கிக்கொண்டு லூமியேர் குடும்பத்தார் பத்துக் குறும்படங்களைத் திரையிட்டார்கள். பணம் கொடுத்து வந்தவர்கள் 33 பேர். அந்த நாளைத்தான் சினிமாவின் பிறந்தநாள் என்கிறோம். இதை மறுப்பவர்களிடமும் வலுவான சான்றுகள் உண்டு. 1888இலேயே லூயி லெ பிரான்ஸ் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் அசையும் படம் எடுத்துவிட்டார். 1892இல் எமில் ரெய்னோ பாரிஸில் திரையில் படங்களை ஓடவிட்டார். 1894இல் எடிசனின் கினடோஸ்கோப் நியூயார்க்கில் காசு பார்த்தது. பெர்லினில் ஸ்கிளாடனோவ்ஸ்கி சகோதரர்கள் 1895 நவம்பர் 1 அன்றே கட்டணக் காட்சி நடத்தினார்கள். முந்தியவர் யார் என்பதுதான் அளவுகோல் என்றால் லூமியேர்களுக்கு இந்தப் பெருமை கிடைக்காது.

அந்த அளவுகோலே போதாது என்பது என் கருத்து. எடிசனின் கினடோஸ்கோப் பெட்டிக்குள் ஒரு நேரத்தில் ஒருவர்தான் குனிந்து பார்க்கலாம். ரெய்னோவின் படங்கள் கையால் தீட்டியவை. அவற்றுக்கு நகல் கிடையாது. பெர்லின் கருவிக்கு இரண்டு படச்சுருள்கள் மாறி மாறி ஓடவேண்டும். லூமியேரின் சினிமாட்டோகிராஃபோ கையால் சுழற்றும் சிறிய மரப்பெட்டி. படம்பிடிக்கவும், நகலெடுக்கவும், திரையில் காட்டவும் அது ஒன்றே போதும். தையல் இயந்திரத்தில் ஊசி குத்தும்போது துணி நிற்கிறது, ஊசி மேலேறியதும் நகர்கிறது அல்லவா? லூயி லூமியேர் பிடித்துக்கொண்ட சூட்சுமம் அதுதான். சுருளின் ஓரத் துளைகளில் இரண்டு முட்கள் மாட்டி, ஒரு கட்டம் கீழே இழுத்து, விட்டுவிட்டு மேலே போகும். சுருள் அசையாமல் நிற்கும் அந்தக் கணத்தில் ஒளி பாயும். நொடிக்குச் சுமார் 16 முறை இது நடக்கும். சினிமா ஊர் ஊராகப் போக வழி திறந்தது இந்தப் பெட்டியால்தான்.

அப்படியானால் வியாபாரத்தைத்தானே கொண்டாடுகிறீர்கள், கலை பிறந்தது மெலியேஸ் சந்திரப் பயணத்தைப் படமாக்கிய 1902இல் அல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கதை சொல்லும் சினிமாவுக்கு மெலியேஸ் செய்தது மிகப் பெரிது. ஆனால் அவரே அந்த முதல் காட்சியைக் கண்டு வியந்தவர்களில் ஒருவர். லூமியேர் படங்களைக் கண்ணில் பட்டதை அப்படியே பதிந்தவை என்று ஒதுக்குவதும் சரியல்ல. லியோன் தொழிற்சாலையிலிருந்து தொழிலாளர்கள் வெளியேறும் படம் மூன்று வடிவங்களில் கிடைக்கிறது. ஒன்றில் ஒற்றைக் குதிரை வண்டி, இன்னொன்றில் இரட்டைக் குதிரை, மற்றொன்றில் குதிரையே இல்லை. ஒரே வாசலை மூன்று முறை படம்பிடித்தவரிடம் இன்னும் சரியாக அமையவேண்டும் என்ற தவிப்பு இருந்திருக்கிறது. அதைக் கலைமனம் என்றே நான் சொல்வேன். குழந்தைக்கு உணவூட்டும் படத்தில் பின்னால் மரத்தின் இலைகள் காற்றில் அசைகின்றன. எந்த நாடக மேடையின் திரைச்சீலையிலும் காணமுடியாத அசைவு அது.

லூமியேரின் பெட்டி ஊர் ஊராகப் போன வேகத்தைப் பாருங்கள். பாரிஸ் காட்சி நடந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை. 1896 ஜூலை 7 அன்று பம்பாய் வாட்சன் ஹோட்டலில் லூமியேர் படங்கள் ஓடின. 1905இல் திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், துய்ப்போன் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படம்காட்டும் கருவியை விலைக்கு வாங்கி, கூடாரம் போட்டு ஊர் ஊராகக் காட்டினார். 1914இல் அவர் கோவையில் கட்டிய நிரந்தரத் திரையரங்கின் பெயரில்தான் அது அமைந்த தெரு இன்றும் வெரைட்டி ஹால் ரோடு.