யாருக்குச் சொன்ன பழமொழி?



'பதறாத காரியம் சிதறாது' என்றார்கள் பெரியவர்கள். அதே பெரியவர்கள்தான் 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்றும் சொன்னார்கள். நிதானமாக இரு என்கிறது ஒன்று. உடனே செய் என்கிறது மற்றொன்று. இதில் எது உண்மை?

இரண்டும் உண்மைதான். அவசரக்காரனுக்கு முதல் பழமொழி, சோம்பேறிக்கு இரண்டாவது. பழமொழி மருந்து போன்றது. காய்ச்சல்காரனுக்கு உரியதை வயிற்றுவலிக்காரனுக்குக் கொடுத்தால் குற்றம் மருந்தின் மேல் இல்லை, கொடுத்தவர் மேல்தான்.

பீட்டர் பெர்சிவல் பாதிரியார் 1874இல் சென்னையில் வெளியிட்ட தொகுப்பில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகள் உள்ளன. இத்தனை மருந்தை வைத்துக்கொண்டு மனிதன் என்ன செய்கிறான்? இனிப்பானதைத் தனக்கு எடுத்துக்கொள்கிறான்; கசப்பானதை அடுத்தவர் வாயில் ஊற்றுகிறான்.

ஒரு வீட்டைப் பாருங்கள். கணவன் கைநீட்டுகிறான். மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்கு வருகிறாள். அங்கே என்ன சொல்கிறார்கள்? 'பொறுத்தார் பூமி ஆள்வார். கொஞ்சம் பொறுத்துப் போம்மா' என்று மறுநாளே திருப்பி அனுப்புகிறார்கள். அந்தப் பழமொழியை மருமகனிடம் போய்ச் சொன்னவர் யார்? கோபத்தைப் பொறுக்க வேண்டியவன் அவன் அல்லவா? அடிப்பவனுக்கு உரிய மருந்தை அடிபட்டவளுக்குக் கொடுப்பது என்ன நியாயம்?

'குனியக் குனியக் குட்டுகிறவனும் முட்டாள். குட்டக் குட்டக் குனிகிறவனும் முட்டாள்' என்று இன்னொரு பழமொழி உண்டு. அதில் முதலில் நிற்பவன் குட்டுகிறவன். ஆனால் ஊர் வாயில் வருவது பின்பாதி மட்டும்தான். அடிப்பவனை விட்டுவிட்டுக் குனிந்தவளையே மறுபடியும் குறை சொல்கிறார்கள்.

மலேசியாவில் குடும்ப வன்முறைச் சட்டம் 1994இல் நிறைவேறி 1996இல் அமலுக்கு வந்தது. அடிபட்டவர் காவல் நிலையத்தில் புகார் செய்து, நீதிமன்றத்தின் வழி பாதுகாப்பு உத்தரவு பெறலாம். ஆனால், அந்தக் காவல் நிலையம் வரை மகளோடு நடந்துவர ஒரு தகப்பன் வேண்டும். 'நீ வா, நான் இருக்கிறேன்' என்று சொல்ல ஒரு தாய் வேண்டும்.

பழமொழிகளைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. வாயெடுக்கும் முன்பு ஒரே ஒரு கேள்வி போதும்: இது யாருக்குச் சொல்ல வேண்டியது? கேட்க வேண்டியவன் காதில் விழாத பழமொழி, கேட்கக்கூடாதவள் கழுத்தில் கல்லாகத் தொங்கும்.