துவாலையில் தொற்றுமா எச்.பி.வி.?



எச்.பி.வி. கிருமி இருப்பதாகக் கிளினிக்கிலிருந்து முடிவு வந்ததும், ஒரு பெண் முதலில் நினைப்பது சிகிச்சையைப் பற்றி அல்ல. "இது எப்படி வந்தது?" என்றுதான். வீட்டாரும் அதையே கேட்பார்கள், ஆனால் குரல் வேறாக இருக்கும். அதற்குப் பயந்தே பொதுக் கழிப்பறை மீதும், நீச்சல் குளத்தின் மீதும், ஹோட்டல் துவாலை மீதும் பழி போகிறது.

இக்கிருமி லேசில் சாகாது என்பது உண்மை. கையில் தடவும் ஆல்கஹாலையும் அது தாங்கும். கழிப்பறைகளில் அதன் மரபணுத் தடயம் கிடைத்ததும் உண்டு. ஆனால், தடயம் கிடைப்பது வேறு, நோய் தொற்றுவது வேறு. தோலின் அடியடுக்கை எட்டினால்தான் கிருமி தங்கும். அதற்குக் கண்ணுக்குத் தெரியாத சிராய்ப்பாவது வேண்டும். கருப்பை வாயைத் தாக்கும் வகைகள் பெரும்பாலும் பாலுறவின்போது தோலோடு தோல் உரசித்தான் பரவுகின்றன. ஆணுறை அபாயத்தைக் குறைக்குமே தவிர, முற்றாகத் தடுக்காது.

குழப்பத்துக்குக் காரணம் பெயர்தான். எச்.பி.வி.யில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. குளத்தோர ஈரத்தரையில் வெறுங்காலோடு நடந்து உள்ளங்காலில் மரு வந்தால், அதுவும் எச்.பி.வி.தான். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அபூர்வமாக, பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றித் தொண்டையில் மரு உண்டாவதும் உண்டு.

சரி, துவாலை இல்லையென்றால் கணவரா, மனைவியா? குடும்பம் உடைவது இந்த இடத்தில்தான், அதுவும் தேவையே இல்லாமல். கிருமி எப்போது வந்தது என்பதைப் பரிசோதனை சொல்லாது. பல ஆண்டுகள் சத்தமின்றி இருந்துவிட்டு இன்று தென்படலாம். திருமணத்துக்கு முன்பே இருவரில் ஒருவருக்கு வந்திருக்கலாம். ஆணுக்குப் பெரும்பாலும் அறிகுறி இராது, வழக்கமான பரிசோதனையும் கிடையாது. அகப்படுவது பெண் மட்டுமே. இது என்ன நியாயம்?

பெரும்பாலான தொற்றுகளை உடலே 2 ஆண்டுகளுக்குள் விரட்டிவிடும். விடாமல் தங்குவதுதான் ஆபத்து. கருப்பை வாய்ப் புற்றுநோயில் ஏறக்குறைய 70 விழுக்காட்டுக்கு 16, 18 ஆகிய இரு வகைகளே காரணம். புற்றுநோயாக மாறப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால் கண்டுபிடிக்க அவகாசம் உண்டு. பழிச்சொல்லுக்கு அஞ்சி முடிவை மறைப்பவரோ மறு பரிசோதனைக்கும் போவதில்லை.

மலேசியப் பள்ளி மாணவிகளுக்கு 2010இலும், சிங்கப்பூரில் உயர்நிலை 1 மாணவிகளுக்கு 2019இலும் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. தடுப்பூசி எல்லா வகைகளையும் தடுப்பதில்லை. போட்டுக்கொண்ட பெண்களும் உரிய வயதில் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். துணிகளை எப்போதும்போல வீட்டாருடையதோடு சேர்த்தே துவைக்கலாம்.