முதல் சிந்தசைசர் வாங்குமுன்

பிள்ளைகள் சிந்தசைசர் கேட்கிறார்கள். தோட்டத்தில் உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்குவது. ஆகவே பார்த்து வாங்குவோம்.

சாதாரண கீபோர்டில் ஓசைகள் ஆயத்தமாக இருக்கும். சிந்தசைசரில் ஓசையை நாமே உருவாக்கலாம், மாற்றலாம். ஆனால், பல சிந்தசைசர்களில் ஒலிபெருக்கி இராது. வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டையை அழுத்தினால் சத்தமே கேட்காது! எனவே ஒலிபெருக்கிக்கோ ஹெட்போனுக்கோ சேர்த்தே பணம் ஒதுக்க வேண்டும்.

அடுத்து, ஒரே நேரத்தில் எத்தனை சுரங்கள் ஒலிக்கும் என்று கடைக்காரரைக் கேட்போம். 1970-இல் வந்த மினிமூக்கில் ஒரு சுரம்தான் ஒலிக்கும். 1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ்7-இல் 16 சுரங்கள் ஒலிக்கும். இன்றும் இருவகையும் விற்பனையில் உள்ளன. இரு கைகளாலும் வாசித்துப் பழக, ஒரு சுரக் கருவி போதாது.

கட்டைகளையும் கவனிப்போம். 37 சிறு கட்டைகள் உள்ளதைவிட, முழு அளவுக் கட்டைகள் 61 உள்ளது கற்பதற்கு ஏற்றது. நம் பாட்டின் கமகம் வெறும் கட்டையில் வராது. சுருதியை வளைக்கும் சக்கரம் இருந்தால் ஓரளவு வரும்.

விலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், பிள்ளையைக் கடைக்கு அழைத்துச் சென்று வாசிக்கச் செய்வோம். வாசிக்கப் போகிற கைக்குப் பொருந்துவதே நல்ல கருவி.