இரவில் வெளியே போவதும் படிப்புதான்

(பாரூரில் மாலை நேர வாசிப்புக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓசூர் தொழிற்பேட்டைத் தொழிலாளர்களைப் பற்றிய முனைவர் பட்ட ஆய்வின் ஒரு பகுதியாக இரண்டு ஆண்டுகள் ஜெர்மனியில் இருந்துவிட்டு வந்திருக்கிறேன். திரும்பி வந்ததிலிருந்து என் ஆய்வைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. "அங்கெல்லாம் ராத்திரியில பப்புக்குப் போவாங்களாமே, நீயும் போனியாம்மா?" என்று கேட்டவர்கள்தான் அதிகம். சிலர் ஆசையாகக் கேட்டார்கள், சிலர் துப்பு துலக்குவதுபோல் கேட்டார்கள். அதனால் இன்று அதைப் பற்றியே பேசிவிடலாம் என்று நினைக்கிறேன்.

போனேன். பப்புக்குப் போனேன், நடனக் கூடத்துக்குப் போனேன். ஆற்றங்கரையில் விடியும்வரை உட்கார்ந்து கதை பேசியிருக்கிறேன்.

வசதியான சாதிக் குடும்பத்துப் பிள்ளை இதையெல்லாம் செய்தால் அதற்கு 'எக்ஸ்போஷர்' என்று பெயர். "உலகம் பார்த்த பிள்ளை" என்று கல்யாணச் சந்தையில் மதிப்பு கூடுகிறது. சேரியிலிருந்து உதவித்தொகையில் போனவள் செய்தால், "படிக்கப் போனியா, ஆடப் போனியா?" என்ற விசாரணை. நம் வீடுகளிலும் இந்தக் கேள்வி உண்டு. நம்மை அனுப்பி வைத்தவர்கள் பட்ட கஷ்டம் அப்படி. ஆனாலும் நம் பிள்ளைகள் அங்கே நான்கு சுவருக்குள் உட்கார்ந்து புத்தகம் மட்டும் படித்துவிட்டு வந்தால், படிப்பில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டு வருகிறார்கள் என்பது என் கருத்து.

அங்கே கருத்தரங்கம் மாலை ஆறு மணிக்கு முடியும். முடிந்ததும் எல்லோரும் பக்கத்திலிருக்கும் பப்புக்குப் போவார்கள். அறைக்குள் இருக்கும்வரை என் கட்டுரையைப் பற்றி எல்லோரும் மரியாதையாக நல்ல வார்த்தை சொன்னார்கள். பப் மேசையில்தான் ஒரு பேராசிரியர், "உன் இரண்டாம் அத்தியாயத்தில் ஆதாரம் இருக்கிறது, வாதம் இல்லை" என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். எந்த மாநாட்டுக்கு இடம் இருக்கிறது, எந்த ஆவணக் காப்பகத்தில் யாரைப் பார்க்க வேண்டும், எந்த வழிகாட்டியிடம் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதெல்லாம் அந்த மேசையில்தான் கிடைத்தது. ஒன்பது மணிக்கு அறைக்குத் திரும்பி ரசம் வைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை.

குடித்தால்தான் அங்கே உட்கார முடியும் என்று நினைக்காதீர்கள். ஆப்பிள் சாறும் சோடாவும் கலந்த பானம் ஒன்று உண்டு. அதில் ஒரு கிளாஸை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் ஓட்டியிருக்கிறேன். அவரவர் கணக்கை அவரவர் கொடுப்பது அங்கே வழக்கம் என்பதால், வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியவளுக்கு அது வசதியாகவே இருந்தது.

எனக்குப் பெரிதாகப்பட்டது திரும்பி நடந்த நடை. இரவு ஒன்றரை மணிக்கு, தனியாக, இருபது நிமிடம். "யார் வீட்டுப் பொண்ணு?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நம் ஊரில் பொழுது சாய்ந்தபின் ஒரு பெண் ஊர்த்தெரு வழியாக நடந்தால், அவள் எந்தத் தெரு, யார் மகள், எங்கே போய்விட்டு வருகிறாள் என்று டீக்கடை பெஞ்சே கணக்கெடுக்கும். அந்தக் கணக்கு இல்லாத ஒரு தெருவில் நடப்பது எப்படி இருக்கும் என்பதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லித் தந்திருக்க முடியாது.

அதற்காக ஐரோப்பாவைச் சொர்க்கமாக்க வேண்டாம். அங்கேயும் வாசலில் ஆள் நிற்கிறான். நடனக் கூடங்களில் யாரை உள்ளே விடுவது என்பதை வாசற்காவலர் முடிவு செய்கிறார். கறுத்த தோலுக்கு "இன்று உள்ளே இடமில்லை" என்ற பதில் சுலபமாகக் கிடைக்கும், எனக்கும் கிடைத்திருக்கிறது. ஆனால் அதற்கு அங்கே ஒரு சட்டம் இருக்கிறது. 2006-இல் வந்த பொது சமநடத்தைச் சட்டம், இனத்தைக் காரணம் காட்டி வாடிக்கையாளரை ஒதுக்குவதைத் தடை செய்கிறது. ரொய்ட்லிங்கன் நகரில் ஒரு டிஸ்கோவின் வாசலில் கறுப்பின இளைஞர் ஒருவரைத் திருப்பி அனுப்பினார்கள். அவர் வழக்குப் போட்டார். 2011 டிசம்பரில் ஸ்டுட்கார்ட் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு 900 யூரோ இழப்பீடு தரச் சொன்னது. தொகை சின்னதுதான். ஆனால் உள்ளே விட மறுத்தது சட்டத்துக்கு எதிரானது என்று ஒரு தீர்ப்பு இருக்கிறது.

எனக்கு அதிகம் வலித்தது இன்னொரு வாசல். அது நம் ஆட்களின் வாசல்.

போன முதல் ஆண்டு தீபாவளி இரவு. இந்திய மாணவர்கள் ஒரு வீட்டுச் சமையலறையில் கூடியிருந்தார்கள். பாட்டு, ஆட்டம், சிரிப்பு. தமிழ் கேட்டு மாதக்கணக்கான எனக்கு அழுகையே வந்துவிட்டது. பத்து நிமிடத்தில் விசாரணை ஆரம்பமானது.

"நீங்க எந்த ஊரு?"

"கிருஷ்ணகிரி பக்கம்."

"கிருஷ்ணகிரியில எங்க?"

"பாரூர்."

"அப்பா என்ன பண்றாரு? நிலம் இருக்கா? உங்க குலதெய்வம் எது?"

யாரும் சாதிப் பெயரைக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை. நான்காவது கேள்வியில் முகம் மாறியதைப் பார்த்தேன். பிறகு மாட்டுக்கறி பற்றிப் பேச்சு வந்தது. நான் சாப்பிடுவேன் என்றேன். "இந்தப் பாத்திரத்துல மட்டும் தொடாதீங்க, இது வெஜ் பாத்திரம்" என்று ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். அடுத்த கூட்டத்துக்கு எனக்கு அழைப்பு வரவில்லை. வாட்ஸ்அப் குழுவிலும் சேர்க்கவில்லை.

ஒரு பார்ட்டிக்குக் கூப்பிடாததற்கு இத்தனை வருத்தமா என்று கேட்கலாம். அந்தக் குழுவில்தான் காலியாகும் அறைகளின் விவரம் வரும். எந்த உணவகத்தில் பகுதிநேர வேலை இருக்கிறது என்பது வரும். விசா அலுவலகத்தில் எந்தத் தாளைக் காட்ட வேண்டும் என்பது வரும். அறை தேடி அலைந்த ஆறு வாரத்தில், தமிழர் ஒருவரின் பகிர்வு வீட்டில் முதல் நாள் "வாங்க" என்றார்கள், மறுநாள் "வேற ஆள் வந்துட்டாங்க" என்றார்கள். அந்த அறை மேலும் ஒரு மாதம் காலியாகவே இருந்தது.

டிஸ்கோ வாசலுக்குச் சட்டம் இருக்கிறது, இந்த வாசலுக்கு இல்லை. ஜெர்மனியின் அந்தச் சட்டத்தில் சாதி என்ற சொல் கிடையாது. பிரிட்டனில் 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்திலேயே சாதியைச் சேர்க்க வழி வைத்தார்கள். 2013-இல் சேர்த்தே ஆகவேண்டும் என்று நாடாளுமன்றம் திருத்தம் கொண்டுவந்தது. 2018-இல் அரசு அதைக் கைவிட்டது. அமெரிக்காவில் 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அப்படிச் செய்த முதல் அமெரிக்க நகரம் அதுதான். ஓர் ஊர் செய்ததை மற்ற ஊர்கள் செய்ய முடியாதா?

நம் முன்னோடிகள் இந்த வழியில் ஏற்கெனவே நடந்தவர்கள். 1913-இல் நியூயார்க் போன அண்ணல் அம்பேத்கர், 1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில், சாதி உயிர்வாழ்வது அகமணத்தால் என்று நிறுவினார். அப்போது அவருக்கு 25 வயது. 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன்வரலாற்றுக் குறிப்பில், வெளிநாட்டில் வாழ்ந்த ஆண்டுகள் தான் தீண்டத்தகாதவன் என்ற நினைப்பையே தன் மனதிலிருந்து துடைத்துவிட்டதாக எழுதுகிறார். பரோடாவுக்கு வேலைக்கு வந்தவுடன் அந்த நினைப்பை ஊர் திருப்பிக் கொடுத்தது. தங்க இடம் கிடைக்காமல் ஒரு பார்சி விடுதியில் ஒளிந்ததுபோல் இருந்தார். தடிகளோடு வந்தவர்கள் அவரை அங்கிருந்து வெளியேற்றினார்கள். அவர் ஒரு பூங்காவில் போய் உட்கார்ந்தார்.

தந்தை பெரியார் 1931 டிசம்பரில் கப்பலேறி, ஏறக்குறைய ஓர் ஆண்டு ஐரோப்பாவைச் சுற்றினார். சோவியத் நாட்டில் ஆலைகளைப் பார்த்தார். ஜெர்மனியில் நிர்வாண சங்கத்தாரோடும் போய் இருந்தார். அப்போது அவருக்கு வயது 52. மனிதர்கள் வேறு எப்படியெல்லாம் சேர்ந்து வாழ்கிறார்கள் என்று கண்ணால் பார்ப்பதும் அரசியல் வேலைதான் என்று அவர் நினைத்தார். 52 வயதுக்காரருக்கு இருந்த தைரியம் 25 வயதுக்காரர்களுக்கு இருக்கக் கூடாதா?

அந்தத் தீபாவளிக்குப் பிறகு நாங்கள் எங்களுக்கென்று ஒரு மேசை போட்டோம். நான், மராட்டியத்திலிருந்து வந்த பௌத்தத் தோழர் ஒருவர், ஒரு ஈழத் தமிழ்ப் பெண், ஒரு குர்திஷ் தோழி. வெள்ளிக்கிழமை இரவுகளில் ஒருவர் சமைப்போம், மற்றவர்கள் பாத்திரம் கழுவுவோம். எந்தப் பாத்திரத்துக்கும் தனிப் பெயர் இல்லை. ஏப்ரல் 14 அன்று பறை அடித்தோம். இரவு பத்து மணி தாண்டி ஐந்து நிமிடம் ஆனதும் பக்கத்து வீட்டுத் தாத்தா கதவைத் தட்டினார். பத்து மணிக்கு மேல் அமைதி காக்க வேண்டும் என்பது அங்கே கறாரான விதி. அவர் எங்களிடம் கோபப்பட்டது சத்தத்துக்காக மட்டும்தான். நிறுத்தினோம். போகும்போது அந்தக் கருவியின் பெயரைக் கேட்டுவிட்டுப் போனார்.

இப்போது நம் ஊர் இரவுக்கு வருகிறேன். நம் பகுதியில் இரவு தூங்குவதில்லை. ஓசூர் சிப்காட்டுக்கும் போச்சம்பள்ளி சிப்காட்டுக்கும் கம்பெனி பஸ்கள் நள்ளிரவில் ஓடுகின்றன. ஆலைகளில் பெண்கள் இரவு வேலை செய்வதற்கு இருந்த தடைப் பிரிவை 2000-ஆம் ஆண்டிலேயே சென்னை உயர் நீதிமன்றம் நீக்கிவிட்டது. அதே பெண், ஷிஃப்ட் இல்லாத நாளில் ஒன்பது மணிக்கு விடுதிக்கு வெளியே நின்றால் வார்டன் வீட்டுக்குப் போன் போடுகிறார். இரவில் உழைக்க அவளை நம்புகிறார்கள். அதே இரவில் தோழியோடு உட்கார்ந்து டீ குடிக்க நம்புவதில்லை.

ஏன் நம்புவதில்லை? 1916-இல் அண்ணல் சொன்ன காரணம்தான். இரண்டு பேர் சேர்ந்து நடந்தால், சேர்ந்து சாப்பிட்டால், சேர்ந்து வாழ்வார்கள். 2018 நவம்பரில் இதே ஓசூர் பகுதி சூடுகொண்டபள்ளியைச் சேர்ந்த ஓர் இணையரைக் கடத்திக் கொன்று காவிரியில் வீசினார்கள். அவர் பட்டியல் சாதி, அவள் வேறு சாதி. உடல்கள் கர்நாடகத்தில், மாண்டியா மாவட்டத்தில் ஒதுங்கின. அந்த இளைஞரின் டி-ஷர்ட்டில் இருந்த அண்ணலின் படமும் ஊர்ப் பெயரும்தான் போலீசாருக்கு அடையாளம் காட்டின. பக்கத்து மாநிலத்து ஆறுவரை துரத்திப் போகும் சாதி, விமானம் ஏறி வராது என்று எப்படி நினைப்பது?

அதனால் மூன்று விஷயம் கேட்கிறேன். ஒன்று, வெளிநாடு போகிறவர்கள் தனியாகப் போகாதீர்கள். ஏற்கெனவே அங்கே இருக்கும் நம் மாணவர்களின் தொடர்பை வாங்கிக்கொண்டு போங்கள். அறை, வேலை, விசா விவரங்களை நாமே பகிரும் குழு வேண்டும். இரண்டு, ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையில், இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு இடமில்லை என்று 2022-இல் விதி மாற்றினார்கள். நம் வாழ்க்கையை நாமே வெளியில் போய் ஆராயக் கூடாது என்பதுதான் அதன் பொருள். அதை எதிர்த்து மாணவர் அமைப்புகள் தொடர்ந்து பேச வேண்டும். மூன்று, இங்கே நம் விடுதிகளில் பெண்களுக்கு மட்டும் பூட்டப்படும் கதவுகளைத் திறக்கக் கேளுங்கள். நூலகத்தையும் இரவில் திறந்து வைக்கக் கேளுங்கள்.

வீட்டில் அம்மா கேட்டால் பொய் சொல்லாதீர்கள். "போனேம்மா, பத்திரமா வந்துட்டேன்" என்று சொல்லுங்கள். நான் அப்படித்தான் சொன்னேன். "அங்க என்ன சாப்பிட்டீங்க?" என்று மட்டும்தான் அம்மா கேட்டார்.