சொல்லாமல் சொல்லும் விதி

சுடோகு நமக்குத் தெரியும். ஒன்பது வரி, ஒன்பது பத்தி, ஒன்பது சிறு சதுரம். எதிலும் எந்த எண்ணும் இரண்டு முறை வரக்கூடாது. 1979இல் ஓர் அமெரிக்கப் புதிர் இதழில் பிறந்து, 1984இல் ஜப்பானின் நிக்கோலி இதழுக்குப் போய் வளர்ந்த புதிர் இது. இன்று புதிர் அமைப்பவர்கள் இதோடு நிற்பதில்லை. புதுப்புது விதிகளைச் சேர்க்கிறார்கள்.

ஒன்றைக் கேளுங்கள். கட்டத்துக்குள் ஒரு பச்சைக் கோடு ஓடுகிறது. கோட்டில் அடுத்தடுத்து வரும் இரண்டு எண்களுக்கு இடையே குறைந்தது 5 வித்தியாசம் வேண்டும். விதி அவ்வளவுதான். இனி மனசுக்குள்ளேயே போட்டுப் பாருங்கள். 5 அந்தக் கோட்டில் வருமா? வந்தால் பக்கத்தில் பூஜ்யமோ பத்தோ வேண்டும். இரண்டும் சுடோகுவில் கிடையாது. ஆக, 5க்கு அங்கே இடமில்லை. 4க்குப் பக்கத்தில் 9 மட்டுமே வரலாம். ஒரே வரியில் போகும் கோட்டின் நடுவே 4 இருந்தால் இருபுறமும் 9 தேவை. ஒரு வரியில் இரண்டு 9 ஏது? அப்படியானால் 4 கோட்டின் முனையில்தான் இருக்க முடியும். இவற்றில் ஒன்றையும் விதி வாய்விட்டுச் சொல்லவில்லை. பழைய விதியும் புதியதும் மோதும்போது தானாகப் பிறக்கின்றன. நல்ல விதிக்கு இதுதான் அடையாளம் என்பேன்.

2020 மே மாதத்தில் மிட்செல் லீ அமைத்த ஒரு புதிரில் கொடுத்திருந்த எண்கள் இரண்டே: ஒரு 1, ஒரு 2. சாதாரண சுடோகுவுக்கு ஒரே விடை இருக்கக் குறைந்தது 17 எண்கள் வேண்டும் என்று 2012இல் கணினி கொண்டு நிறுவியிருந்தார்கள். லீ மூன்று விதிகளைச் சேர்த்தார். சதுரங்கக் குதிரை தாவும் தூரத்தில் அதே எண் கூடாது. ராஜா நகரும் தூரத்திலும் கூடாது. பக்கம் ஒட்டிய கட்டங்களில் எண்வரிசைப்படி அடுத்தடுத்த எண்கள் கூடாது. பிரிட்டனில் புதிர்களை விடுவித்துக் காட்டும் சைமன் ஆண்டனி என்பவர் அதைக் காணொளியில் விடுவிக்க உட்கார்ந்தார். முதலில் அவருக்கே நம்பிக்கையில்லை. படிப்படியாக மொத்தக் கட்டமும் நிரம்பியது.

அதற்காக விதிகளை அடுக்கிக்கொண்டே போனால் புதிர் கனக்குமே தவிரச் சுவைக்காது. விடை ஒன்றுதானா என்று கணினி நொடியில் சொல்லிவிடும். அந்த விடைக்குப் போகும் வழி மனிதருக்கு இன்பம் தருமா என்பதை அமைப்பவர்தான் போட்டுப் பார்த்து அறிய வேண்டும்.

நீங்களும் முயலலாம். நாலுக்கு நாலு கட்டம், 1 முதல் 4 வரை எண்கள். ஒரு வரியில் மூன்று கட்டங்களைக் கோட்டால் இணையுங்கள். கோட்டில் அடுத்தடுத்த எண்களுக்குக் குறைந்தது 2 வித்தியாசம் வேண்டும். நடுவில் எந்த எண்கள் வரலாம்? இன்றிரவு வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்.