வேலிக்குள் ஒரு விளையாட்டு



துப்பாக்கி என்னும் சொல் நம் நாட்டில் இனிய நினைவுகளை எழுப்பும் சொல் அன்று. 1983ஆம் ஆண்டு முதல் 2009ஆம் ஆண்டு வரை நீடித்த போர் நம் இல்லங்களில் விட்டுச் சென்றவற்றை நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அவ்வாறிருக்க, துப்பாக்கியொன்றைக் கொண்டு வீட்டுப் பின்வளவில் ஆடப்படும் விளையாட்டைப் பற்றி ஓர் ஆசிரியன் பேச முற்படுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் நம் உறவினர் பலர் குடியேறி வாழும் இங்கிலாந்தில், இவ்விளையாட்டு நூறாண்டுக்கு மேலாகப் பொதுமக்களிடையே நிலைத்துள்ளது. கொல்லும் கருவிக்கு நெருங்கிய உறவினதாகிய ஒன்று, மனத்தைப் பழக்கும் கருவியாக மாறியது எங்ஙனம் என்பதை அறிவது பயனுடையதே.

காற்றுத் துப்பாக்கியில் வெடிமருந்து இல்லை. துவிச்சக்கரவண்டிக்குக் காற்றடிக்கும் பம்பினை ஒருகணம் நினைத்துக்கொள்ளுங்கள். பெரிதும் வழங்கும் வகையில், குழலைக் கீழே மடக்கும்போது உள்ளிருக்கும் வலிய சுருள்வில் அழுத்தப்பட்டுப் பூட்டப்படுகிறது. விசையை இழுத்ததும் சுருள்வில் விடுபட்டு, விஞ்ஞான நூல்கள் முசலம் எனக் கூறும் தண்டினை முன்னே தள்ளுகிறது. அதனால் நெருக்குண்ட காற்று, இடை சிறுத்த சிறு ஈயக் குண்டொன்றைக் குழலின் வழியே செலுத்துகிறது. குண்டின் விட்டம் பெரும்பாலும் 4.5 மில்லிமீற்றர், சிலவற்றில் 5.5 மில்லிமீற்றர்.

காற்றின் வலிமை போருக்கும் பயன்பட்டதுண்டு. 1780ஆம் ஆண்டளவில் ஒஸ்திரியப் படையினர், காற்றடைத்த கலம் பொருத்திய துப்பாக்கிகளைக் கையாண்டனர். ஆனால் அதனை எளிய மக்களின் பொழுதுபோக்காக்கிய பெருமையில் பேர்மிங்ஹாம் நகருக்குப் பெரும் பங்குண்டு. அந்நகரத்து லிங்கன் ஜெவ்றீஸ் என்பார் 1904ஆம் ஆண்டு தம் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். அதன்படி பேர்மிங்ஹாம் சிறுபடைக்கலக் கம்பனியார் துப்பாக்கிகளைச் செய்து விற்கலாயினர். தொழிலாளர் மாலை வேளைகளில் விடுதிகளிற் கூடி, ஆறு யார் தூரத்தில் நிறுத்திய உருக்குத் தகட்டின் நடுவே அமைந்த சிறு துளையைக் குறிபார்ப்பர். துளையின் விட்டம் ஓர் அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கே. குண்டு அதனூடே சென்றால் பின்னாலுள்ள மணி ஒலிக்கும். அம்மணியோசையே அவர்களுக்குப் பரிசு.

இனி, வீட்டு வளவுக்கு வருவோம். அங்கு வேண்டுவன சிலவே: கடதாசியில் அச்சிட்ட வட்டக் குறி, அதனைத் தாங்கும் ஒரு பெட்டி, பெட்டிக்குப் பின்னே குண்டைத் தடுத்து விழுங்கும் தடுப்பு. இவற்றுள் முதன்மையானது தடுப்பே. கருங்கல்லிலும் செங்கற்சுவரிலும் பட்ட குண்டு தெறித்துத் திரும்பும். குறி தப்பிய குண்டோ சில நூறு யார் தூரம் செல்லவும் கூடும். மணல் நிறைத்த ஆழமான பெட்டி நன்று. கண்களுக்குக் காப்புக் கண்ணாடி வேண்டும். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் உணவைத் தொடுதல் ஆகாது.

இங்கிலாந்துச் சட்டமும் இவ்வகையிற் கண்டிப்பானது. பன்னிரண்டு அடி-இறாத்தல் ஆற்றலுக்கு மேற்படாத காற்று றைபிளுக்கு அங்கே சான்றிதழ் தேவையில்லை. எனினும் பதினெட்டு வயது நிரம்பாதவர் அதனை விலைக்கு வாங்க இயலாது. பதினான்கு வயதுக்குட்பட்டோர், இருபத்தொரு வயது நிரம்பிய ஒருவரின் மேற்பார்வையிலேயே சுடலாம். அயலவரின் இசைவின்றி ஒரு குண்டேனும் தம் எல்லையைக் கடந்து செல்லுமாயின் அது குற்றமாகும். ஸ்கொத்லாந்திலோ 2016ஆம் ஆண்டின் இறுதி முதல் இத்தகைய துப்பாக்கிக்கும் சான்றிதழ் வேண்டும். எந்நாட்டில் வாழ்பவராயினும் அந்நாட்டுச் சட்டத்தை முதலில் கேட்டறிந்து நடத்தல் கடன். ஒரு முழ நிலத்துக்காக வேலி வழக்காடத் தயங்காத நமக்கு, வேலியின் மெய்யான பொருளை அச்சட்டம் உணர்த்துகிறது. வேலி நம் உரிமையைக் காப்பது மட்டுமன்று. நம் செயலின் விளைவு அயலவரைச் சென்று தாக்காவண்ணம் நம்மைத் தடுப்பதும் அதுவே.

சுடுபவன் கற்கும் பாடங்கள் சுவையானவை. சுருள்வில் துப்பாக்கியை இறுகப் பற்றினால் குறி நிலைக்கும் என நாம் எண்ணுவோம். நிகழ்வது வேறு. குண்டு குழலை விட்டு நீங்குமுன்னரே துப்பாக்கி பின்னும் முன்னும் அதிர்கின்றது. இறுகப் பற்றியவனுடைய பிடி முறைக்கு முறை வேறுபடுதலால் குண்டுகள் சிதறுகின்றன. மென்மையாகவும் ஒரே வகையாகவும் ஏந்துபவனுக்கே அது பணிகின்றது. பிள்ளைகளை வளர்ப்போரும் சிந்திக்கத்தக்க உண்மை இது.

ஐந்து குண்டுகளைச் சுட்டபின் கடதாசியை எடுத்துப் பாருங்கள். ஐந்தும் நெருங்கி ஓரிடத்தில் விழுந்து, அவ்விடம் நடுவட்டத்தினின்றும் விலகியிருந்தால், திருத்தவேண்டியது குறிகாட்டியை. நாற்புறமும் சிதறியிருந்தால், பெரும்பாலும் திருத்தவேண்டியது சுட்டவனை. மாணாக்கரின் விடைத்தாளும் இவ்வாறே பேசும். ஒரே வகைப் பிழையைத் திரும்பத் திரும்பச் செய்பவனுக்கு வழிகாட்டல் போதும். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு வகையாகப் பிழைப்பவனுக்கு முதலில் மன அமைதி வேண்டும்.

இவ்வெளிய பயிற்சியின் உச்சியை ஒலிம்பிக் அரங்கிற் காணலாம். 1984ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் காற்று றைபிள் போட்டி முதன்முறையாக இடம்பெற்றது. தூரம் பத்து மீற்றர். பத்துப் புள்ளிக்குரிய நடுப்புள்ளியின் விட்டமோ அரை மில்லிமீற்றர். 2008ஆம் ஆண்டு இப்போட்டியிலேயே அபினவ் பிந்திரா இந்தியாவின் முதலாவது தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை வென்றார். கடலூரிற் பிறந்த தமிழ்ப்பெண் இளவேனில் வாலறிவன் 2019ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியில் தங்கம் வென்றதும் இதே பிரிவிலேயே.

ஆயினும் ஓர் ஆபத்து எஞ்சி நிற்கிறது. கடதாசியைச் சுட்டுச் சலித்த சிறுவனின் கண், மாமரத்துக் கொண்டைக்குருவியையும் மதிலில் ஓடும் அணிலையும் நாடும். இவ்விடத்திற் பாரதக் கதை நமக்கு உதவுகிறது. துரோணர் தம் மாணாக்கரைச் சோதிக்க மரத்தின் மீது பறவையொன்றை வைத்தார். என்ன காண்கின்றாய் என வினவியபோது, தருமன் மரத்தையும் ஆசிரியரையும் உடன்பிறந்தாரையும் பறவையையும் கண்டதாகக் கூறினான். அருச்சுனனோ பறவையின் தலையை மட்டுமே கண்டான். இக்கதையை நாம் எல்லோரும் அறிவோம். அப்பறவை உயிருள்ள பறவையன்று, கைவினைஞர் செய்த பொம்மைப் பறவையே என்பதைப் பலர் மறந்துவிடுகின்றோம். வில்வித்தையின் பேராசிரியர் பயிற்சிக்கென ஓர் உயிரை வைக்கவில்லை.

மற்றொன்றும் கூறுவேன். அச்சோதனையில் அருச்சுனனே தேறினான், தருமன் தேறவில்லை. வீட்டு வளவிலோ இருவர் பார்வையும் வேண்டும். துப்பாக்கியை உயர்த்துமுன் தருமனைப்போல் அனைத்தையும் காணவேண்டும்: குறிக்குப் பின் யாது உளது, வேலிக்கு அப்பால் யார் நடமாடுகின்றனர், விளையாடும் குழந்தை எங்கே என்பவற்றையெல்லாம் காணவேண்டும். உயர்த்திய பின்னரே அருச்சுனனைப்போல் ஒன்றை மட்டும் காணலாம். இம்முறை மாறினால் விளையாட்டு வினையாகும்.

ஆதலின், பெற்றோர்களே, உங்கள் பிள்ளையோ வெளிநாட்டில் வாழும் பேரப்பிள்ளையோ இவ்விளையாட்டில் ஆர்வங்கொண்டால், துப்பாக்கியின் விலையை விசாரிக்குமுன் பின்தடுப்பை எங்கே அமைப்பது என விசாரியுங்கள். பிள்ளை தானாகவே அதனை முதலிற் கேட்டால், அவன் பயிற்சிக்குத் தகுதியுடையவன் என்று கொள்ளலாம்.